செத்த எலிக்கு நிமிடத்துக்கு முந்நூறு துடிப்பு

1

போன செவ்வாய்க்கிழமை ஓர் இளம்பெண் என்னுடைய இதயத்தைக் கடதாசியில் எடுத்துத் தந்தாள். வேலை செய்யும் இடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயமாக நடக்கும் உடற்பரிசோதனை அது. வட இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிவிட்டு அதே கட்டிலில் படுத்தேன். பெண் வேலைக்குப் புதியவள். கை கால்களிலும் மார்பிலும் வயர்களைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். கோடு நடுங்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னும் கூடுதலாக நடுங்கியது. அவள் கலங்கிப்போய் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கட்டிலுக்குக் கீழே ஏதாவது வயர் போகிறதா என்று பாருங்கள்" என்றேன்.

போனது. கட்டிலை உயர்த்தி இறக்கும் மோட்டாரின் வயர். அதைப் பிடுங்கியதும் கோடு அடங்கிவிட்டது.

"நீங்கள் டாக்டரா?" என்று கேட்டாள்.

"இல்லை. சிலாபத்தில் ஈசிஜி எடுத்தவன்."

சிலாபம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் பிந்தியிருப்பார்கள்.

இத்தாலியில் என்ன வேலை என்று ஊரிலிருந்து ஃபோனில் கேட்பவர்களுக்குப் "பல்கலைக்கழகத்தில்" என்று மட்டும் சொல்லுவேன். அதனால் சிலர் என்னைப் படிப்பிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. அந்தக் கடதாசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில்தான், உள்ளதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

இலங்கையில், புத்தளம் பக்கத்துக் கடற்கரை ஊரான கண்டக்குழியில் எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள் நான். போய்ப் பார்க்காமல் இல்லை. போன இரண்டு தடவையும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மூன்றாம் தடவை அப்பாவே, "நீ கரையில நில்லு, உன்னப் பாக்கிறதா வலையப் பாக்கிறதா" என்றுவிட்டார். அண்ணன் கடலுக்குப் போனான். நான் சிலாபத்துக்கு வந்து ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் ஈசிஜி எடுக்கப் பழகினேன்.

அந்த அறையில் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். கதவைத் திறந்ததும் இடப்பக்கம் பச்சை அலுமாரி, அதன்மேல் கடதாசிச் சுருள்கள். ஒரு கட்டில், இரண்டு கதிரை. ஜன்னலுக்கு வெளியே சந்தைக்குப் போகும் மீன் லொறிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கும். காலையில் மீன் வாடை, பத்து மணிக்குமேல் பக்கத்துக் கடையில் வடை பொரிக்கும் வாடை. கோடு நடுங்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஆளுக்கும் மின்விசிறியை நிறுத்துவேன். நிறுத்தினால் ஆளுக்கு வியர்க்கும். வியர்த்தால் மார்பில் வைத்த ரப்பர் குமிழ்கள் வழுக்கி விழும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் அசையாமல் இருக்க, காதில் மெல்ல ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பேன். சிங்களவர்களோடு சிங்களத்தில், நம்மவர்களோடு தமிழில். இத்தனை வருடத்தில் நான் மிகவும் தேடுவது அந்த ஒரு நிமிடக் கதைகளைத்தான். இங்கே எலிகளோடு அப்படிக் கதைக்க முடியாது.

எங்கள் டாக்டர் சிங்களவர். அக்குபங்சர் படித்தவர். என்னை "மல்லி", அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். முழங்கால் நோவு, முதுகு நோவு என்று வருபவர்களுக்கு மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றில் சின்னக் கவ்விகளை மாட்டி, ஒரு மின்பெட்டியோடு தொடுத்துவிடுவார். பெட்டி விட்டுவிட்டு மெல்லிய மின்னை அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தசை துள்ளும்.

போர் முடிந்த அடுத்த வருடம் ஹதீஜா ராத்தா வந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். இருபது வருடமாகக் குறிஞ்சிப்பிட்டியில் குடியிருந்தார். மன்னாருக்குப் பாதை திறந்துவிட்டது, தன் வீடு இருந்த வளவைப் போய்ப் பார்க்க வேண்டும், முழங்கால் விடவில்லை. அதற்காக வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பஸ் மாறி, பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சிலாபத்துக்கு வருவார்.

ஒருநாள் அவருக்கு ஊசி குத்திப் பெட்டியைப் போட்டுவிட்டு டாக்டர் சாப்பிடப் போனார். போகும்போது, "இவங்களுக்கு ஒரு ஈசிஜியும் எடுத்து வையும் மல்லி" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ராத்தா அவசரப்பட, நான் ஊசிகளைக் கழற்றாமலே ஈசிஜியை எடுத்தேன். வந்த கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கிழித்துப்போட்ட வலை மாதிரி ஒரு கோடு.

"ராத்தா, நெஞ்சு நோவுதா?"

"இல்லையே மகன்."

"தல சுத்துதா?"

"பசிக்கிது."

பேரனிடம் ஒரு வான் பிடிக்கச் சொன்னேன். கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். ராத்தா படுத்தபடியே என் கையைப் பிடித்தார்.

"மன்னாரப் பாக்காம நான் எந்தக் கொழும்புக்கும் வர மாட்டன். மவுத்தாப் போனாலும் என்ட வளவுலதான். அதுக்கு முந்தி இந்தப் பொட்டிய நிப்பாட்டு. முழங்கால்ல டக்கு டக்குண்டு கடிக்கிது."

நிப்பாட்டினேன். கோடு ஆடாமல் அசையாமல், புத்தகத்தில் போட்ட படம் மாதிரி வந்தது. பெட்டி அனுப்பிய மின்னைத்தான் என் இயந்திரம் அவருடைய இதயம் என்று எழுதியிருக்கிறது. டாக்டர் வந்து இரண்டு கடதாசியையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பெட்டியைப் போட்டது தான்தானே என்று சொல்லிச் சிரித்தார். ராத்தாவுக்குத்தான் சந்தோஷம். "என்ட கல்புக்கு ஒண்டுமில்லையா? அப்ப டிக்கட் எடுக்கலாம்" என்றார்.

அடுத்த மாதம் மன்னாருக்குப் போய்வந்தார். "வளவு காடு மகன். ஊடு இல்ல. கிணத்துக் கட்டு மட்டும் இரிக்கி. அதுல குந்திட்டு வந்தன்."

"முழங்கால் எப்பிடி?"

"போகக்கொள்ள நடந்தன். வரக்கொள்ள பேரன் தூக்கினான்."

அவரை நடக்க வைத்தது ஊசியா, பெட்டியா, அந்த வளவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

3

அதற்கு அடுத்த வருடம் இத்தாலிக்கு வந்தோம். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கரில் பாதிப்பேருக்கு இத்தாலியில் ஒரு சொந்தக்காரராவது இருப்பார். எங்களுக்கு இருந்தது மனைவி ரீட்டாவின் மாமி. ரீட்டா ஒரு வயோதிபச் சீமாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். மகள் ஜெனிற்றாவுக்கு அப்போது மூன்று வயது. எனக்கு இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் எலிக்கூடு கழுவும் வேலை கிடைத்தது. சேவியர் என்ற என் பெயரை அங்கே எல்லோரும் "சவேரியோ" ஆக்கிவிட்டார்கள். நம்முடைய பழைய ஆட்கள் கோயிலில் சவேரியார் என்றுதானே சொல்லுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் கூடுகளைக் கொண்டுபோய் வைக்கும்போது, பரிசோதனை அறையில் எலியின் ஈசிஜி கோடு நடுங்குவதைக் கண்டேன். நான்கு படித்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் மேசை விளக்கின் வயரைப் பிடுங்கினேன். கோடு அடங்கியது. அன்றைக்குப் பின், அந்த அறைக்குப் பொறுப்பான பேராசிரியை என்னைக் கூடு கழுவ விடவில்லை, இயந்திரங்களைப் பார்க்க வைத்துக்கொண்டார்.

இரண்டாம் கிழமை அவர் வந்து, "மெஸ்ஸா அ தெர்ரா பார்த்தாயா?" என்று கேட்டார். மெஸ்ஸா என்றால் பூசை என்றுதான் எனக்குத் தெரியும். நல்ல பக்தியான மனுஷி என்று நினைத்து, "ஓம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசை பார்த்தேன்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. மெஸ்ஸா அ தெர்ரா என்பது நிலத்துக்கு இறக்கும் எர்த் வயராம். இன்றைக்கும் யாராவது எர்த் வயரைத் தொட்டால், "சவேரியோ, பூசை முடிந்ததா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் இப்போது கண்டக்குழியில் கடலுக்குப் போவதைக் குறைத்துவிட்டு, காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். ஒருதடவை ஃபோன் எடுத்து, "டேய், உன்ட ஊர்க்காரன் ஒருத்தன் வந்து நிக்கிறான், என்ன கேக்கிறான் எண்டு விளங்கல்ல, கதை" என்று ஓர் இத்தாலியனிடம் கொடுத்தான். அவனுக்குத் தேவை இன்னொரு தலையணை. அதை நான் அண்ணனுக்குச் சொன்னேன். என் ஊரில் இருப்பவனுக்கு நான் இங்கிருந்து தலையணை வாங்கிக் கொடுக்கிறேன். ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் பின்னால் கேட்ட காற்றைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றேன்.

4

இனி வேலை. எங்கள் பேராசிரியை ஆராய்வது அக்குபங்சர் ஊசியில் மின்னைச் செலுத்தினால் இதயத்துக்கும் நரம்புக்கும் என்ன நடக்கிறது என்பதை. சிலாபத்தில் டாக்டர் முழங்காலுக்குக் கீழே குத்தும் அதே இடம் எலியின் காலிலும் இருக்கிறது. எலியை மயக்கி, அதற்கு எதுவும் தெரியாது என்று உறுதிசெய்துகொண்டு, காலில் ஊசி குத்துவோம். உடம்பில் ஈசிஜி வயர். வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் போகும் நூல்போன்ற நரம்பில் ஒரு வெள்ளிக் கம்பி. பிறகு பெட்டியைப் போட்டு, இதயம் எத்தனை தடவை அடிக்கிறது, நரம்பு எவ்வளவு கதைக்கிறது என்று திரையில் பார்ப்போம். முடிந்ததும், மயக்கத்திலேயே எலியை முடித்துவிடுவோம்.

இந்த வேலையை நடத்தியவள் எலெனா, மலைப்பக்கத்து ஊர்க்காரி, கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தி பழைய பற்றரிப் பெட்டி பழுதாகி, சுவரில் செருகும் புதிய பெட்டி வந்தது. தொடுத்தவன் நான். முன்பு இரண்டு ஊசியும் ஒரே காலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புதிய பெட்டியின் கவ்விகள் பெரியவை. ஒரு காலில் இரண்டும் நிற்கவில்லை. அதனால் காலுக்கு ஒன்றாகக் குத்தலாம் என்று எலெனாவுக்குச் சொன்னவனும் நான். பெட்டியின் எர்த் வயரை, பதிவு இயந்திரத்தின் எர்த் இருந்த அதே இடத்தில் மாட்டியவனும் நான்.

அதற்குப் பிறகு முடிவுகள் அழகழகாக வந்தன. பெட்டியைப் போட்டதும் எலியின் இதயம் முந்நூற்று அறுபதிலிருந்து முந்நூறுக்கு இறங்கும். நரம்பின் கோடு எழும்பும். நிப்பாட்டியதும் இரண்டும் பழைய இடத்துக்குப் போய்விடும். எலெனா திரையைக் கட்டிப்பிடிக்காத குறை. பேராசிரியை ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பினார். ஒருநாள் எலெனா எனக்கு அவள் அம்மா செய்த கேக் கொண்டுவந்து தந்தாள்.

எனக்கு மட்டும் ஏதோ பொருந்தவில்லை. இதயம் அப்படி அடங்காது. ஓடிவந்த மனுஷன் கட்டிலில் படுத்தால் மெல்ல மெல்லத்தான் துடிப்பு இறங்கும். ஆயிரம் பேருக்கு எடுத்திருக்கிறேன். இதுவோ சுவிட்சைத் தட்டியதும் எரியும் பல்பு மாதிரி. ஆனாலும் எலெனா படித்தவள், நான் கூடு கழுவ வந்தவன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

5

ஒரு புதன்கிழமை பின்னேரம், பரிசோதனை முடிந்து எலியும் முடிந்து, எலெனா வகுப்புக்குப் போய்விட்டாள். ஊசிகளையும் வயர்களையும் இன்னும் கழற்றாமல், நான் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கை பட்டுப் பெட்டியின் சுவிட்ச் விழுந்துவிட்டது. தற்செயலாகத் திரையைப் பார்த்தேன்.

எலியின் இதயத் துடிப்பு, நிமிடத்துக்கு முந்நூறு.

நரம்பும் எழும்பி நின்றது. எலி செத்துக் கால் மணித்தியாலம். நான் கையுறையோடு அதன் மார்பைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பெட்டியை நிப்பாட்டினேன். கோடு தட்டையாகிவிட்டது. போட்டேன். முந்நூறு.

பெட்டி ஒரு நொடிக்கு ஐந்து தடவை மின்னை அனுப்புகிறது. ஐந்தை அறுபதால் பெருக்க யாருக்கும் தெரியும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மின் உடம்புக்குள்ளால் போகிறது. போகும் வழியில் எங்கள் கம்பிகளுக்கும் வருகிறது. கணினி அந்தப் பெரிய கூர்களைத் துடிப்பு என்று எண்ணிவிட்டு, உண்மையான சின்னத் துடிப்புகளை விட்டுவிடுகிறது. நரம்பின் கதை என்று நாங்கள் பார்த்ததும் பெட்டியின் கதைதான். இத்தனை மாதமும் நாங்கள் எலியை அளக்கவில்லை. பெட்டியைத்தான் அளந்திருக்கிறோம்.

பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரே ஒரு ஆள் இதைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஆள் நான்.

6

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை.

காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. என் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அந்த மாதம்தான் பேராசிரியை கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாமல் வதிவிட அனுமதி இல்லை. நீண்டகால அனுமதிக்கு எப்போதோ விண்ணப்பித்தும் இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். அந்தக் கிழமையே பொலிஸ் அலுவலகத்தில் எனக்குத் தவணை இருந்தது. விரல் ரேகை எடுத்தார்கள். புத்தளம் பங்களாதேஷிலா என்று ஓர் உத்தியோகத்தர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஒப்பந்தத்தின் புதிய பிரதியைக் கொண்டு வா என்றார்.

அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் ஜெனிற்றா, அப்போது அவளுக்குப் பதினான்கு, மீன் பீங்கானைத் தள்ளிவைத்தாள். ஒரு மாதமாக மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. பாடசாலையில் மிருகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறாளாம்.

"அப்பா, நீ எலிகளைக் கொல்கிறாயா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

அவள் தமிழில் என்னை நீங்க என்பாள். இத்தாலிய மொழியில் தகப்பனையும் நீ என்றுதான் சொல்ல வேண்டும். மொழியின் வழக்கம் அது, தெரியும். ஆனாலும் சில நாட்களில் அந்த நீ வந்து தைக்கும்.

"மயக்கித்தான் மகள். அதுகளுக்கு நோவாது" என்றேன் தமிழில்.

"எதுக்கு?"

"சனத்துக்கு நல்லது. இதயத்துக்கு ஊசியால என்ன செய்யலாம் எண்டு படிக்கிறதுக்கு."

"படிச்சீங்களா?"

ரீட்டா, "சாப்பிடக்கொள்ள என்ன கதை இது?" என்று அதட்டினாள். ஜெனிற்றா எழும்பி அறைக்குள் போய்விட்டாள். பதில் சொல்லாமல் தப்பினேன். ஆனால் கழுவும்போது ரீட்டா என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பீங்கானையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா வேல போகுமா?"

"போகலாம்."

"சொல்லாட்டி?"

"அந்தப் பிள்ளை பொய்யை எழுதிப் பட்டம் வாங்கும்."

"அப்ப என்னத்துக்கு என்னட்டக் கேக்கிறீங்க?" என்றாள். "ஊருக்குப் போக வேண்டி வந்தா போவம். கண்டக்குழி இன்னும் கடலுக்குள்ள போயிரல்ல."

7

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிந்ததும் எலெனாவைப் போகவிடாமல் நிறுத்தினேன். எலி முடிந்து கால் மணித்தியாலம் கழிந்த பின் பெட்டியைப் போட்டேன்.

திரையைப் பார்த்தாள். எலியைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலை அதன் மார்பில் வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன்.

"போடு."

போட்டேன்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"ஒன்பது நாளாக."

"ஒன்பது நாளா?" விரலை எலியிலிருந்து எடுத்தாள். "அதற்குள் நாங்கள் மூன்று எலிகளை முடித்திருக்கிறோம், சவேரியோ."

அவள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஒப்பந்தம், அனுமதி, அவளுடைய பட்டம், எல்லாவற்றையும் நினைத்தேன். அந்த மூன்றையும் நினைக்கவில்லை.

பேராசிரியையிடம் இரண்டு பேரும் போனோம். எர்த் வயரை மாட்டியது நான், ஊசிகளைக் காலுக்கொன்றாகக் குத்தச் சொன்னதும் நான் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்ப எடுக்கும்படி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "தொடுத்தது நீ. பார்க்காமல் விட்டது நான்" என்றார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு மாதம் பிந்திக் கையெழுத்து வைத்தார். அந்த ஒரு மாதம் நாங்கள் வீட்டில் எப்படி இருந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. எலெனா என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. வேலைக்குத் தேவையான சொற்கள் மட்டும். ஊசி. கவ்வி. போடு. நிறுத்து.

பழைய பதிவுகள் முழுவதும் ஒதுக்கப்பட்டன. பற்றரிப் பெட்டியைத் திருத்தி எடுத்தோம். மறுபடியும் இரண்டு ஊசியும் ஒரே காலில். வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, பதிவுக் கம்பிகளிலிருந்து தள்ளி வைத்தோம். எர்த் பதிவு இயந்திரத்துக்கு மட்டும், பெட்டிக்கு இல்லை. எலிக்கு முன்பு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் ஊசி குத்திப் பெட்டியைப் போட்டு, கம்பிகளில் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு பரிசோதனையின் முடிவிலும் செத்த எலியில் ஐந்து நிமிடம் பெட்டியைப் போட்டுப் பதிவு எடுப்பது சட்டமாகிவிட்டது.

வந்த முடிவுகளில் கேக் கொண்டுவரும்படி எதுவும் இல்லை. சில எலிகளில் இதயம் கொஞ்சம் மெதுவானது. மெல்ல இறங்கி, பெட்டியை நிறுத்திய பிறகும் சற்று நேரம் அப்படியே நின்று, மெல்ல ஏறியது. சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முதல் எலியில் அந்தக் கோடு மெல்ல இறங்கியபோது, எலெனா இரண்டு மாதத்துக்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது உண்மையா?" என்றாள்.

"இது எலிதான்" என்றேன்.

8

எலெனாவுக்கு ஒரு வருடம் பிந்தியது. தலைப்பையே மாற்றிவிட்டாள். பெட்டியை எப்படித் தொடுக்கிறோம் என்பது இதய, நரம்புப் பதிவுகளை எப்படி மாற்றுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வாகிவிட்டது. போன வருடம் பரீட்சகர்களுக்கு முன்னால் அதை விளக்கும் நாளுக்கு எங்கள் குடும்பத்தையும் அழைத்தாள். ரீட்டாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெனிற்றா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேசைச் சண்டை முடிந்தாலும், என் வேலையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்பதில்லை. நான் மேற்சட்டையைக் கழற்றும் இடத்தைக்கூடச் சுற்றித்தான் போவாள். அன்றைக்குக் காலை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எலெனா இரண்டு கோடுகளைப் பெரிய திரையில் காட்டினாள். ஒன்று உயிருள்ள எலி, மற்றது செத்த எலி, இதில் எது எது என்று பரீட்சகர்களைக் கேட்டாள். மூன்று பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "எங்களாலும் முடியவில்லை. எங்கள் தொழில்நுட்பவியலாளர் சவேரியோதான் கண்டுபிடித்துச் சொன்னார்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எழும்பி வெளியே போய்விடலாம்போல இருந்தது. ஒன்பது நாளை அவள் சொல்லவில்லை. அது அவளுடைய நல்ல மனம்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். ஆட்கள் இல்லை. இலைகள் விழுந்து ஈரமாகக் கிடந்தன.

"எத்தன?" என்று ஜெனிற்றா தமிழில் கேட்டாள்.

"என்ன எத்தன?"

"வீணாப் போன எலி."

"இருபத்தாறு" என்றேன். பிறகு, யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "அதுல கடைசி மூண்டும் தப்பியிருக்கும். எனக்கு முதலே தெரியும். பயத்தில ஒன்பது நாள் சொல்லாம இருந்தன்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கும்போது அவளுக்கு அப்படியே என் அண்ணனின் முகம்.

"அத ஏன் இப்ப எனக்குச் சொல்றீங்க?"

"நீ எத்தன எண்டு கேட்டாய்."

அவள் சப்பாத்தால் ஓர் ஈர இலையைத் தள்ளினாள்.

"எனக்கு இன்னும் உங்கட வேல புடிக்கல்ல அப்பா."

"தெரியும். எனக்கும் சில நாள் புடிக்கிறல்ல."

பஸ் வந்தது. ஏறினோம். உள்ளே நாலைந்து பேர்தான். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். அவள் நடுவில் நின்று ஒருதடவை பஸ்ஸை முழுக்கப் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகப் பையை என் மடியில் வைத்தாள்.